காபி ஷாப் மெனுவை டிகாஷன் கணக்கில் படிப்பது எப்படி? எஸ்பிரெஸோ வகைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்டாவில் எந்தக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனாலும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஓரமாக அந்த மெஷின் நிற்கும். புஸ்ஸென்று ஆவி சீறும், பேப்பர் கப்பில் பாதிக்கு மேல் நுரை ஏறும், அதன் தலையில் சாக்லேட் பவுடரைத் தட்டிவிட்டு நீட்டுவார்கள். மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, அதற்கு ஊரறிந்த பெயர் 'எஸ்பிரெஸோ காபி'. நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் எஸ்பிரெஸோ ஒரு சொட்டுகூடக் கிடையாது. இன்ஸ்டன்ட் காபித் தூள், சர்க்கரை, பால், அதைச் சுடவைத்து நுரைக்க ஆவி, அவ்வளவுதான்.

இந்தப் பெயரை நம்பிப் புதுசாகத் திறந்த காபி ஷாப்புக்குப் போனால்தான் வம்பு. தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் ஒரு கடையில் பக்கத்து மேஜைக்காரரிடம் இதைக் கண்ணால் பார்த்தேன். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை, மெனுவிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து எஸ்பிரெஸோ சொல்லியிருக்கிறார். சுண்டுவிரல் உயரக் கப்பில் கறுப்பாக ஏதோ வந்தது.

"தம்பி, இது சாம்பிளா?"

"இல்லீங்க ஐயா, இதான் எஸ்பிரெஸோ."

"பால் தனியா வருமா?"

"இதுல பால் கிடையாதுங்க ஐயா."

"அப்ப அவ்ளோ பெரிய மெஷின் எதுக்குப்பா வச்சிருக்கீங்க?"

நியாயமான கேள்வி. அந்தப் பெரிய மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் மெனுவில் இருக்கிற முக்கால்வாசிப் பெயர்கள் தானாகப் புரிந்துவிடும். இருபது பெயர் போட்டிருந்தாலும் உள்ளே போவது ஒரே சரக்குதான். அதோடு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பால், எவ்வளவு நுரை, எவ்வளவு பெரிய கப் என்பதில்தான் பெயர் மாறுகிறது. நாமும் கடையில் நின்று "ஒண்ணு ஸ்ட்ராங், ரெண்டு லைட், டிகாஷன் தூக்கலா ஒண்ணு" என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே. இத்தாலிக்காரர்கள் அந்த ஸ்ட்ராங், லைட் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்துவிட்டார்கள், நாம் வைக்கவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

முதல் படி: ஷாட் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

நம் ஃபில்டரில் மேல் டப்பாவில் தூளைப் போட்டு, குடைத் தட்டால் அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவிடுகிறோம். தண்ணீர் தன் எடையில் தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கால் மணி நேரமோ, அரை மணியோ, ராத்திரியே போட்டுவைத்தால் விடியும்வரையோ அது பாட்டுக்கு இறங்கும். எஸ்பிரெஸோ மெஷினில் இந்த வேலை அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காரணம் அழுத்தம். 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் தண்ணீரை 9 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கில், பொடியாக அரைத்து இறுக அமுக்கிய தூளுக்குள் தள்ளுகிறது.

இத்தாலியின் பழைய கணக்குப்படி ஒரு ஷாட் என்றால் 7 கிராம் தூள், 25 விநாடி, 25 மில்லி காபி. இன்றைக்குப் புதுக் கடைகளில் பெரும்பாலும் இரட்டை ஷாட்தான் போடுகிறார்கள்: 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள். தூளைப்போல இரண்டு மடங்கு காபி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த மெஷின் ஒரே நாளில் வந்ததில்லை. 1884-இல் டூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோண்டோ ஆவியில் காபி போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், 1901-இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸெரா கப் கப்பாகப் போடுகிற மாதிரி அதை மாற்றினார். ஆனால் அவையெல்லாம் ஆவி அழுத்தத்தில் ஓடியவை, காபி கொஞ்சம் கருகின வாசனையோடுதான் வந்திருக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபிறகு அக்கிலே காஜ்ஜியா கைப்பிடியை இழுத்து ஸ்பிரிங் விசையால் தண்ணீரைத் தள்ளும் மெஷினைக் கொண்டுவந்தார். அப்போதுதான் காபிக்கு மேல் அந்தப் பழுப்பு நுரைப் படலம் முதன்முதலாக உட்கார்ந்தது. அதைத்தான் கிரெமா என்கிறார்கள். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு அழுத்தத்தில் தண்ணீரில் கரைந்து, வெளியே வந்ததும் காபியின் எண்ணெய்ச் சத்தோடு சேர்ந்து சின்னச் சின்னக் குமிழியாக எழும்புவதுதான் அது. வறுத்து ரொம்ப நாளான கொட்டையில் வாயு போய்விட்டிருக்கும், கிரெமா மெலிந்துவிடும். கடைக்காரர் பழைய கொட்டையை ஓட்டுகிறாரா என்று பார்க்க இது ஒரு சுலபமான வழி.

நம் டிகாஷனோடு ஒப்பிட்டால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எஸ்பிரெஸோ டிகாஷனைவிடக் கெட்டி, நாக்கில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். அப்புறம், அதில் சிக்கரி கிடையாது. நாம் வாங்கும் தூளில் 80-20, 70-30 என்று சிக்கரி கலந்திருக்கும். சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதனால் மலிவான பாக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்கூட சிக்கரி இருக்கலாம். அந்தக் கருநிறமும் கட்டியான கசப்பும் பெருமளவு சிக்கரி கொடுப்பது. பிறந்ததிலிருந்து அதைக் குடித்த நாக்குக்கு முதல் எஸ்பிரெஸோ 'புளிக்குதே' என்றுதான் தோன்றும். கெட்டுப்போனதில்லை, அராபிகா என்கிற கொட்டை வகையின் இயல்பான புளிப்பு அது. நாலைந்து தடவை குடித்தால் பழகிவிடும், பழகாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. இன்னொரு சங்கதி: இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்வரிசையில் இருக்கிறது. நம் ரொபஸ்டா, அதாவது இன்னொரு கொட்டை வகை, கிரெமா நன்றாகக் கட்டும் என்பதால் அங்கே எஸ்பிரெஸோக் கலவையில் சேர்க்கிறார்கள். ஆக, குடகில் விளைந்தது கப்பலேறிப் போய் இத்தாலியப் பெயரோடு திரும்பி வருவதும் நடக்கிறது.

இரண்டாம் படி: பால் சேர்க்காத வகைகள்

ரிஸ்ட்ரெட்டோ என்றால் அதே தூள், பாதித் தண்ணீர். 18 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் வரை காபி இறங்கியதும் நிறுத்திவிடுவார்கள். முதல் சொட்டுகளில்தான் இனிப்பும் மணமும் அதிகம், கசப்பு பின்னால் வரும் என்பதால் இது சின்னதாக இருந்தாலும் காட்டமாக இருக்காது. லுங்கோ இதற்கு நேர்மாறு. மூன்று மடங்கு வரை தண்ணீரை ஓடவிடுவார்கள், கசப்பும் கூடவே இறங்கும். நம் வீட்டில் முதல் டிகாஷன் எடுத்த தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் எடுத்து, இரண்டையும் கலந்து விருந்தாளிகளுக்குக் கொடுப்போமே, அந்த ருசியை ஞாபகப்படுத்திக்கொண்டால் லுங்கோ எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். எனக்கு அது ஒத்துவராது.

டாப்பியோ என்றால் இரட்டை ஷாட், வேறொன்றும் இல்லை.

அமெரிக்கானோவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்பிரெஸோ ஷாட்டில் வெந்நீர் ஊற்றினால் அமெரிக்கானோ. வரக்காப்பி குடிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும், கருப்பட்டி இல்லை என்ற ஒரு குறைதான். லுங்கோவும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள், இல்லை. லுங்கோவில் எல்லாத் தண்ணீரும் தூள் வழியாக வருகிறது, அமெரிக்கானோவில் தண்ணீர் தூளையே தொடாமல் நேராகக் கப்புக்கு வருகிறது. அதனால் அமெரிக்கானோவில் அந்தக் கடைசிக் கசப்பு இருக்காது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கப்பில் முதலில் வெந்நீரை வைத்து அதன்மேல் ஷாட்டை இறக்குவார்கள், கிரெமா கலையாமல் மேலேயே நிற்கும். அதற்கு லாங் பிளாக் என்று பெயர். பொதுவாக அதில் தண்ணீரும் கொஞ்சம் குறைவு.

மூன்றாம் படி: பாலைக் கவனியுங்கள், விஷயமே அங்கேதான்

நம் ஊரில் காபியின் பெருமை எப்போதும் பாலைச் சார்ந்தது. கும்பகோணம் டிகிரி காபி என்று பித்தளை டபராவை நெடுஞ்சாலை முழுக்க வைத்து விற்கிறார்களே, அந்தப் பேர் வந்ததும் தண்ணீர் கலக்காத பாலில் போட்டதற்குத்தான் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். எஸ்பிரெஸோ வகைகளிலும் இதே கதைதான். கப்புச்சினோவுக்கும் லாட்டேக்கும் ஷாட்டில் வித்தியாசமில்லை, பாலில்தான்.

நாம் பாலைப் பொங்கவிட்டு, 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கவைத்து, டிகாஷனோடு சேர்த்து டபராவுக்கும் டம்ளருக்கும் ஆற்றி நுரை கிளப்புகிறோம். அந்த நுரை பெரிய பெரிய குமிழி, வாய்க்குப் போவதற்குள் பாதி அடங்கிவிடும். காபி ஷாப்பில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஒரு ஸ்டீல் ஜாரில் ஊற்றி, மெஷினின் ஆவிக் குழாயை அதில் விடுகிறார்கள். கவுன்டர் பக்கத்தில் நின்றால் ஒருதடவை உற்றுப் பாருங்கள். முதல் சில விநாடி குழாயின் மூக்கு பாலின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், காகிதத்தை மெதுவாகக் கிழிக்கிற மாதிரி 'சர், சர்' என்று சத்தம் வரும், காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். பிறகு ஜாரைக் கொஞ்சம் உயர்த்துவார்கள், மூக்கு உள்ளே அமிழும், சத்தம் அடங்கிப் பால் ஒரு பக்கமாகச் சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழலில்தான் பெரிய குமிழிகள் உடைந்து கண்ணுக்கே தெரியாத நுரையாகிப் பாலோடு கலந்துவிடுகின்றன. கை ஜாரின் வயிற்றில் இருக்கும், சூடு தாங்காமல் போகும்போது நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் ஜாரை மேஜையில் ஒரு தட்டு, ஒரு சுழற்று. பெயின்ட் போலப் பளபளவென்று இருந்தால் கை பழகிய ஆள். மேலே சோப்பு நுரை மாதிரி தனியாக நின்றால் அன்றைக்கு லாட்டே கேட்காதீர்கள்.

சூடு 55 முதல் 65 டிகிரி வரைதான். 70-ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு அமுங்கிக் காய்ச்சின வாசனை வந்துவிடும், நுரையும் முரட்டுத்தனமாகிவிடும். இங்கேதான் டெல்டாக்காரர்களுக்கும் காபி ஷாப்புக்கும் தகராறு. "என்னப்பா, ஆறிப்போன காபியைக் கொடுத்திருக்கே" என்று திருப்பி அனுப்பாத அத்தையை நான் பார்த்ததில்லை. அது ஆறிப்போகவில்லை, சூடே அவ்வளவுதான். நன்றாகச் சுட வேண்டும் என்றால் முன்கூட்டியே 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று சொல்லிவிடுங்கள், போட்டுத் தருவார்கள், நுரை கொஞ்சம் சுமாராக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்தப் பால் என்பதும் முக்கியம். நுரையைத் தாங்கிப் பிடிப்பது புரதம், வாயில் வழவழப்பைக் கொடுப்பது கொழுப்பு. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலத்தில் நுரை சுலபமாகக் கிளம்பும், ருசி மெலிசு. ஆரஞ்சில் ருசி கெட்டி, நுரைக்கக் கை பழகியிருக்க வேண்டும். வீட்டில் முயற்சி பண்ணுகிறவர்களுக்குப் பச்சைதான் என் சிபாரிசு. பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியது, 65 டிகிரியோடு நிறுத்தினால் பரவாயில்லை. மாடு வைத்திருக்கிறவர்கள், கறந்த பால் வாங்குகிறவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. ஒருமுறை பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்தபிறகுதான் நுரைக்க எடுக்க வேண்டும். பால் பழசானால் நுரை சரியாக நிற்காது.

நான்காம் படி: கொஞ்சூண்டு பால் சேர்ப்பவை

மக்கியாட்டோ என்றால் ஒரு ஷாட், அதன் தலையில் ஒரு ஸ்பூன் நுரைத்த பால். மொத்தமே 40 மில்லி தாண்டாது. எஸ்பிரெஸோ பிடித்திருக்கிறது, ஆனால் முதல் வாய் மட்டும் கொஞ்சம் இதமாக இருந்தால் தேவலை என்கிறவர்களுக்கு இது. கேரமல் மக்கியாட்டோ என்று பெரிய செயின் கடைகளில் விற்பது வேறு ஜாதி: வெனிலா சிரப், ஒரு டம்ளர் பால், மேலே ஷாட், அதற்கும் மேலே கேரமல் கோடு. ஸ்டார்பக்ஸ் 1996-இல் கொண்டுவந்தது. அதைக் குடித்துப் பழகிவிட்டு வேறு கடையில் வெறும் மக்கியாட்டோ கேட்டால், கையளவுக் கப்பைப் பார்த்து மஞ்சள் பைக்காரர் மாதிரி முழிக்க வேண்டிவரும். இத்தாலியில் லாட்டே மக்கியாட்டோ என்று இன்னொன்று இருக்கிறது. அது உயரக் கண்ணாடி டம்ளரில் பால் முதலில், ஷாட் பிறகு. அதில் பால்தான் பெரும்பங்கு.

கார்டாடோ ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. ஷாட்டுக்குச் சமமாகப் பால், நுரை ஏறக்குறைய இல்லை, சின்னக் கண்ணாடி டம்ளர். டிகாஷன் தூக்கலாகக் கேட்கிற ஆளாக நீங்கள் இருந்தால் மெனுவில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். காபியும் பாலும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கும். தஞ்சாவூர், திருச்சிக் கடைகளில் மெனுவில் இல்லாவிட்டாலும் "ரெட்டை ஷாட்டுக்கு அதே அளவு பால், நுரை வேண்டாம்" என்று சொன்னால் போட்டுத் தந்துவிடுவார்கள். பிக்கோலோ என்பது ஆஸ்திரேலியப் பழக்கம். ஒரு ஷாட்டுக்கு, பெரும்பாலும் ரிஸ்ட்ரெட்டோவுக்கு, 90 முதல் 100 மில்லி டம்ளர் நிறைய லாட்டே மாதிரிப் பால்.

ஐந்தாம் படி: கப்புச்சினோ, ஃபிளாட் வைட், லாட்டே

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குழம்புவது இந்த மூன்றில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கப்புச்சினோ என்றால் மூன்றில் ஒரு பங்கு காபி, ஒரு பங்கு பால், ஒரு பங்கு நுரை என்று எங்கு பார்த்தாலும் எழுதிவைத்திருப்பார்கள், சுவரில் படம்கூட மாட்டியிருப்பார்கள். மனப்பாடம் செய்ய வசதியான கணக்கு, ஆனால் இத்தாலியிலேயே அப்படிப் போடுவதில்லை. இத்தாலிய தேசிய எஸ்பிரெஸோ நிறுவனம் சான்றிதழுக்காக வகுத்த அளவில் 25 மில்லி எஸ்பிரெஸோ, அதோடு 100 மில்லி குளிர்ந்த பாலை 125 மில்லி ஆகும்வரை நுரைத்துச் சேர்ப்பது. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 150 மில்லி, அதில் காபி ஆறில் ஒரு பங்கு. ஆக, உண்மையான கப்புச்சினோ சின்னக் கப்தான், நம் டம்ளர் அளவுக்குப் பக்கத்தில் வரும். நுரை ஒரு விரல் கனம் நிற்க வேண்டும். வந்ததும் ஸ்பூனின் பின்பக்கத்தால் மேலே மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நுரை கனமாக மடிந்து ஒதுங்கி, உடனே பால் தெரியாமல் இருந்தால் கப்புச்சினோ. தள்ளியதுமே பழுப்புப் பால் தெரிந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு வந்திருப்பது லாட்டே. நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில் இரண்டையும் ஒரே ஜாரிலிருந்து ஊற்றி, ஒன்றுக்கு மட்டும் சாக்லேட் பவுடர் தூவி விலையை மாற்றுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவுடர் கப்புச்சினோவுக்கு அடையாளம் இல்லை, போட்டால் தப்பும் இல்லை.

லாட்டே பெரியது. ஒன்றிரண்டு ஷாட்டுக்கு 200 மில்லிக்கு மேல் பால், மேலே நகக்கண் அளவு மெல்லிய நுரை. கடைக்குக் கடை கப் 240-இலிருந்து 350 மில்லி வரை போகும். இலை, இதயம் என்று மேலே படம் வரைகிறார்களே, அதற்கு இந்த மெல்லிய நுரைதான் தோது. காபி ருசி பின்னால் எங்கோ இருக்கும், பால் முன்னால் நிற்கும். நம் பாஷையில் சொன்னால் 'லைட்டா ஒண்ணு, கப் பெருசா'. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வீட்டில் டிகாஷனைக் காட்டிவிட்டுக் கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அந்த ரகம். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக லாட்டே வாங்கிவிட்டு "காபி மாதிரியே இல்லையே" என்று சொல்வதில் பயனில்லை.

ஃபிளாட் வைட் இரண்டுக்கும் நடுவில். எங்களூரில்தான் பிறந்தது என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன, 1980-களில் அங்கே புழக்கத்துக்கு வந்தது என்பது மட்டும் பொது. இரட்டை ஷாட், மொத்தக் கப் 150 முதல் 180 மில்லி, நுரை லாட்டேயைவிடவும் மெல்லிசு. கப்புச்சினோ அளவுதான், ஆனால் நுரை இருந்த இடத்தையும் பால் பிடித்துக்கொள்கிறது, ஷாட்டும் இரட்டை. அதனால் காபி தூக்கலாகவும் குடிக்க வழவழப்பாகவும் இருக்கும். டிகிரி காபி நாக்குக்கு மெனுவிலேயே ரொம்பக் கிட்டத்தில் வருவது இதுதான் என்பது என் கட்சி. கும்பகோணத்து நண்பர்கள் சிலர் கார்டாடோதான் என்று அடித்துச் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

சர்க்கரை எதிலும் போட்டுத் தர மாட்டார்கள், தனியாகத்தான் வரும். எஸ்பிரெஸோவில் சர்க்கரை போட்டால் கேவலமாகப் பார்ப்பார்களோ என்று தயங்க வேண்டாம், இத்தாலியிலேயே பலர் போட்டுக்கொண்டுதான் குடிக்கிறார்கள்.

ஆறாம் படி: இனிப்பும் குளிரும்

மோக்கா என்பது லாட்டேயில் சாக்லேட் சேர்த்தது. கல்யாண மண்டபத்து எஸ்பிரெஸோ பிடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம், அந்த ருசிக்கு வேறெதுவும் இவ்வளவு கிட்டத்தில் வராது. அஃபொகாட்டோ என்றால் ஒரு உருண்டை வெனிலா ஐஸ்கிரீம், அதன்மேல் சூடான ஷாட். ஊற்றின உடனே சாப்பிட்டுவிட வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் போச்சு.

கத்திரி வெயிலில் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய எவருக்கும் சூடாக ஒன்றும் இறங்காது. ஐஸ் அமெரிக்கானோ, ஐஸ் லாட்டே இரண்டும் மேலே சொன்னவையேதான், சூடு போய் ஐஸ் வந்திருக்கும், ஐஸ் லாட்டேயில் பாலை நுரைக்க மாட்டார்கள். கோல்டு புரூ எஸ்பிரெஸோக் குடும்பமே கிடையாது. கொரகொரப்பாக அரைத்த தூளைப் பச்சைத் தண்ணீரில் 12 மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து வடிகட்டியது, மெஷினுக்கு அதில் வேலையில்லை. புளிப்பும் கசப்பும் அடங்கியிருக்கும். நம்மூர் 'கோல்டு காபி'யோ பாலும் ஐஸ்கிரீமும் போட்டு மிக்ஸியில் அடித்தது, அது தனி சமஸ்தானம்.

ஏழாம் படி: வீட்டில் செய்து பார்க்க

நல்ல எஸ்பிரெஸோ மெஷின் வாங்க ஒரு ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டுகிற அளவு காசு வேண்டும். அதில்லாமலே இந்த வகைகளைப் பிரித்தறியும் அளவுக்கு வீட்டில் செய்யலாம்.

ஒரு வழி மோக்கா பாட். 1933-லிருந்து இத்தாலிய வீடுகளில் இருக்கும் அலுமினியப் பாத்திரம், பியாலெட்டி கம்பெனியின் பெயரில் பிரபலமானது. சாக்லேட் மோக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடியில் தண்ணீர், நடுவில் தூள், அடுப்பில் வைத்தால் ஆவி அழுத்தம் தண்ணீரைத் தூள் வழியாக மேல் அறைக்குத் தள்ளும். அழுத்தம் ஒன்றரைப் பார் போலத்தான், 9 கிடையாது. கிரெமா வராது, ஆனால் பாலில் கலந்தால் ருசி ஏறக்குறைய வந்துவிடும். சிறு தீயில் வையுங்கள், 'களக் களக்' என்று சத்தம் வர ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள், அதற்கப்புறம் வருவது வெறும் கசப்பு.

இன்னொன்று உங்கள் வீட்டு ஃபில்டரேதான். சிக்கரி இல்லாத தூளாக, பீபெரியோ பிளான்டேஷன் ஏ-யோ, வாங்கிக்கொள்ளுங்கள். 60 கிராம் தூளுக்கு 250 மில்லி கொதிநீர் மட்டும், சுற்றிலும் மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள். தூள் கொஞ்சத்தைக் குடித்துக்கொள்ளும், மீதி இறங்குவது கெட்டியான முதல் டிகாஷன். இரண்டாம் டிகாஷனைத் தொடாதீர்கள். பச்சைப் பாக்கெட் பாலை 65 டிகிரிக்குச் சுடவைத்து (தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், ஓரத்தில் ஆவி தெரிந்து, பொங்குவதற்கு ரொம்ப முன்னால்), ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் (கம்பியில் சல்லடை பூட்டிய காபி ஜாடி) ஊற்றிக் கம்பியை மேலும் கீழும் இருபது முப்பது தடவை அடித்தால் நல்ல நுரை வரும். இப்போது அதே டிகாஷனை மூன்று டம்ளரில் நாற்பது நாற்பது மில்லி ஊற்றிக்கொள்ளுங்கள். ஒன்றில் நாற்பது மில்லி பால், நுரையில்லாமல். இன்னொன்றில் நூறு மில்லி பால், நுரையை ஸ்பூனால் அள்ளி மேலே. மூன்றாவதில் இருநூறு மில்லி, நுரை பெயருக்கு. கார்டாடோ, கப்புச்சினோ, லாட்டே மூன்றையும் வரிசையாக ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பத்துக் கட்டுரை படித்தாலும் புரியாதது நாக்குக்குப் புரிந்துவிடும்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் போட்டால் எவ்வளவு நல்ல தூளும் சப்பென்று போய்விடும், மெஷின் வைத்திருந்தால் உள்ளே உப்புப் படிந்து குழாயும் அடைக்கும். கேன் தண்ணீரோ கொள்ளிடக் கூட்டுக் குடிநீரோ பயன்படுத்துங்கள்.

கடைசியாக, தூக்கக் கணக்கு

லாட்டே லைட், எஸ்பிரெஸோ காட்டம், அதனால் எஸ்பிரெஸோவில்தான் கேஃபீன் அதிகம் என்று நினைப்பது சகஜம். ஒரு ஷாட்டில் சுமார் 60 மில்லிகிராம் இருக்கும், அதில் எவ்வளவு பால் ஊற்றினாலும் அது குறையப்போவதில்லை. இரட்டை ஷாட் போட்ட பெரிய லாட்டே குடித்தவர், ஒற்றை எஸ்பிரெஸோ குடித்தவரைப்போல இரண்டு மடங்கு கேஃபீன் குடித்திருக்கிறார். ரொபஸ்டா கலந்திருந்தால் இன்னும் கூடும், அராபிகாவைவிட அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிக்கரியில் கேஃபீன் கிடையாது, அதனால்தான் அறுபது நாற்பது தூளில் ராத்திரி காபி குடித்துவிட்டும் தாத்தா நிம்மதியாகத் தூங்கினார். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு. அதனால் ஆர்டர் கொடுக்கும்போது "ஒத்தை ஷாட்டா, ரெட்டை ஷாட்டா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், மெனுவில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனால் டீகேஃப், அதாவது கேஃபீன் நீக்கிய காபி, இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், எல்லாக் கடையிலும் இருக்காது. இல்லையென்றால் பேசாமல் எழுந்து தெருமுனைப் பால்கடைக்குப் போய் ஒரு பனங்கல்கண்டுப் பால் சொல்லிவிடுங்கள்.